பீமன் கட்டிய காப்பு

புத்தூருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உடைந்த எலும்போடு வருவார்கள். மீதிப் பேர் அவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கட்டுப் போட்டு முடிந்ததும் தூக்கி வந்தவர்களுக்குப் பொழுது போகாது. அவர்களில் நாலெழுத்துப் படித்தவர்கள் ஸ்டேஷன் ரோட்டில் இருந்த ஆதிநாராயணனின் நெட் சென்டரில் வந்து உட்கார்வார்கள். எட்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், கதவு சரியாக மூடாததால் தெருவையும் சேர்த்துக் குளிர்விக்கும் ஒரு ஏசி. ஆதிநாராயணன் காலையில் வந்து ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போவார், அவ்வளவுதான். 2007 முதல் கடையை முழுதாகப் பார்த்துக்கொண்டது தமிழரசுதான்.

தமிழரசுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சொந்த ஊர் நகரிக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வேப்பமிட்டை. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் ஒரு வண்டிப்பாட்டை. இவன் காலனி. அப்பா கருப்பன் சாவுக்கும் திருவிழாவுக்கும் மேளம் அடிப்பவர். அம்மா மணியம்மா ஊர்க்காரர்களின் கழனியில் நாற்று நட்டே மகனை டிப்ளமோ வரை கொண்டுவந்தவள். டிப்ளமோ முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை கிடைத்தது. எட்டு மாதம் கழித்து கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாட்டின் கதவுகள் எல்லாம் திறந்துவிட்டதாகப் பேப்பரில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். தமிழரசுக்கு வாய்த்தது அந்த ஏசி ரூம் கதவுதான்.

பெங்களூரிலிருந்து மாமாவின் தொடை எலும்புக்குக் கட்டுப் போட வந்த ஒருவன், ஐந்தாம் நம்பர் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டை ஏற்றிவைத்துவிட்டுப் போனான். அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ பெயர். ஆடுகிறவர்கள் எல்லாரும் 'கோட்டை' என்றே சொன்னார்கள். முதலில் நமக்கு ஓர் ஆளை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். மூக்கு, முழி, சட்டை, ஆயுதம் எல்லாம் நம் இஷ்டம். பிறகு அந்த ஆளை நடக்கவிட்டால், உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிற ஆயிரக்கணக்கான பேரின் ஆட்களும் அதே காட்டில், அதே சந்தையில் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களோடு பேசலாம், சண்டை போடலாம், சேர்ந்து கோட்டை பிடிக்கலாம். ஒண்டியாளாகப் போனால் ஒரு பன்றியைக்கூட அடிக்க முடியாது.

பெயர் எழுதச் சொல்லி ஒரு பெட்டி வந்தது. தமிழரசு கொஞ்ச நேரம் யோசித்து 'பீமன்' என்று ஆங்கில எழுத்தில் அடித்தான். வேப்பமிட்டையில் வருடா வருடம் சித்திரையில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். பகலில் கதை, பிறகு கூத்து, கடைசி நாள் திரௌபதி அம்மனுக்கு நெருப்பு மிதிப்பது. காலனிக்காரர்கள் அதைப் பாட்டைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். நெருப்புக்கு விறகு வெட்டிப் போடலாம், மேளம் அடிக்கலாம். நெருப்பு மிதிக்கிறவர்கள் விரதத்துக்குக் கையில் கட்டிக்கொள்ளும் காப்பை மட்டும் அவர்களுக்குக் கட்ட மாட்டார்கள். கூத்தில் பீமன் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் சின்ன வயதில் தமிழரசு குதித்திருக்கிறான், இந்தப் பக்கத்தில் நின்று. கம்ப்யூட்டர் பெட்டி அப்பா பெயர் கேட்கவில்லை. எந்தத் தெரு என்று கேட்கவில்லை. பீமனா, சரி, உள்ளே வா என்றது. இப்படி ஒரு வரவேற்பை அவன் பிறந்ததிலிருந்து யாரும் அவனுக்குக் கொடுத்ததில்லை.

ஆறே மாதத்தில் அவனைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் கூத்தாடும் குழுவை ஜமா என்பார்கள். இவர்களும் தங்கள் கூட்டத்துக்கு ஜமா என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். சித்தூர், நெல்லூர், திருவள்ளூர் பக்கம் பிறந்து, பிழைப்புக்காக எங்கெங்கோ சிதறிப்போன முப்பது பேர். ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்த சுதீர் தெலுங்குக்காரன். திரையில் ஏழடி உயரம், கையில் கோடாலி. சூளூர்பேட்டை காவ்யா பார்மசி படித்துக்கொண்டிருந்தாள். அவள் பெண் என்பதை ஹெட்போனில் குரல் கேட்கும் வரை யாரும் நம்பவில்லை, கேட்ட பிறகு அவளிடம் திட்டு வாங்காதவர்களும் யாரும் இல்லை. பெங்களூரில் சாப்ட்வேர் வேலை பார்த்த சம்பத் எதற்கெடுத்தாலும் "பீமண்ணா இன்னா சொல்றாரோ அதான்" என்பான். தமிழில் பேசி, தெலுங்கில் சண்டை போட்டு, இரண்டையும் ஆங்கில எழுத்தில் டைப் அடித்து, எப்படியோ எல்லாருக்கும் எல்லாம் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கோட்டை முற்றுகை. வருடத்துக்கு ஒருமுறை, மே மாதத்தில், பெரிய முற்றுகை. முதல் வருடம் அதில் ஜமா மண்ணைக் கவ்வியது. சண்டைக்கு முந்தின வாரம் ஆறு பேர் பெரிய கூட்டங்களுக்குத் தாவிவிட்டார்கள். மூன்று பேர் கல்யாணம், காதுகுத்து என்று காணாமல் போனார்கள். அடுத்த வருடம் தமிழரசு ஒரு சட்டம் கொண்டுவந்தான். பெரிய முற்றுகைக்குப் பதினெட்டு நாள் முன்னால் எல்லாரும் காப்பு கட்ட வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் ரிப்பனை ஆளின் மணிக்கட்டில் கட்டிவிட வேண்டியது. கட்டிவிட்டால் முற்றுகை முடியும் வரை ஜமாவை விட்டுப் போகக் கூடாது. சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை தவறக் கூடாது. அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால் பெயரை எடுத்துவிடுவது.

ஊரில் தனக்குக் கட்டாத காப்பைத் தானே முப்பது பேருக்குக் கட்டிவிட்டோம் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளுக்குள் மட்டும் ஒரு குதியாட்டம் இருந்தது. நம் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே, கம்ப்யூட்டரில் ரிப்பன் கட்டினதற்கு நாலு பேர் நிஜமாகவே கறி துன்னுவதை விட்டார்கள். சுதீர் ஷார்ஜாவில் பதினெட்டு நாளும் கட்டிலை விட்டுத் தரையில் படுத்தான். அந்த வருடம் ஜமா கோட்டையைப் பிடித்தது.

அதே வருடம் காவ்யாவின் அப்பா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். ஜமாவில் அவள் சொன்னதுதான் தாமதம், மறுநாள் ரேணிகுண்டாவில் ரயில் மாறி வந்தவர்களைப் புத்தூர் ஸ்டேஷனில் எதிர்கொண்டான் தமிழரசு. ஆட்டோ பிடித்து, கட்டுப் போடும் இடத்தில் வரிசையில் நின்று, தங்க ரூம் பார்த்து, அந்தக் கனத்த மனிதரை இரண்டு மாடி தூக்கிக்கொண்டு ஏறினான். காவ்யாவின் அம்மா சுலோசனா, "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டாள். "நகரி பக்கம்" என்றான். யார் கேட்டாலும் அவன் அதையே சொல்வான். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அந்த மூன்று வாரம் அவர்களுக்கு அவன்தான் எல்லாம். காவ்யாவும் அவனும் முகம் பார்த்துப் பேசியது அப்போதுதான், பேசியது முழுக்க இடது வாசலை யார் காப்பது என்பதைப் பற்றி.

வினை 2010 மார்ச்சில் வந்தது. ஒரு ஞாயிறு முற்றுகை முடிந்ததும் சம்பத் ஹெட்போனில் உற்சாகமாகச் சொன்னான்: "இந்த வருசம் நம்ம காப்பும் எங்க ஊரு பாரதக் காப்பும் ஒரே நாள்ல வருது. நான் லீவு போட்டுட்டு ஊர்ல கட்டிக்கப் போறேன். கடைசி நாள் நெருப்புக்கு ஜமாவே வந்துருங்க, பெரிய முற்றுகை மறுநாள்தானே. பீமண்ணன் மட்டும் மொதல் நாளே வந்து எங்க வீட்ல தங்கிக் காப்பு கட்டணும். தாத்தாகிட்ட சொல்லிட்டேன்."

"எந்த ஊருப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வேப்பமிட்டை. வெங்கடசாமி வீடுன்னு கேட்டா சின்னக் கொழந்தையும் காட்டும்."

தமிழரசு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டான். வெங்கடசாமி வீட்டை அவனுக்கு யாரும் காட்ட வேண்டாம். கோயில் தர்மகர்த்தா. அவர் கழனியில்தான் மணியம்மாவின் முதுகு வளைந்தது. பேரன் ஒருவன் பத்து வயதிலேயே திருப்பதி ஹாஸ்டலுக்குப் போய், அப்படியே பெங்களூர் போய்விட்டதாகக் கேள்வி. 'பீமண்ணா, பீமண்ணா' என்று இரண்டு வருடமாகக் காதில் கேட்ட குரல் பாட்டைக்கு அந்தப் பக்கத்துக் குரலா?

முதல் நாள் வர லீவு கிடைக்காது என்று ஒரு சாக்குச் சொன்னான். கடைசி நாளுக்கும் ஏதாவது சொல்லிவிடலாம் என்று இருந்தான். ஆனால் சுதீர் ஷார்ஜாவில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டான். காவ்யா அப்பா அம்மாவையும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டாள். இவர்கள் எல்லாரும் வந்து ஊர்த்தெருவில் நின்று பீமன் எங்கே என்று கேட்பார்கள். அப்போது யாராவது ஒருவர் காலனியைக் கை காட்டுவார். அதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஜமா போய்விடலாம். அவனுக்கு இருந்த ஊர் அது ஒன்றுதான்.

காப்பு கட்டிய பிறகு வந்த முதல் ஞாயிறு, முற்றுகைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சொன்னான். வாயால் சொல்ல வரவில்லை, டைப் அடித்தான். 'நான் வேப்பமிட்டைதான். காலனி. மேளக்கார கருப்பன் மகன். எனக்கு அங்க காப்பு கட்ட மாட்டாங்க. சம்பத் வீட்டுக்குள்ள வரவும் முடியாது. இவ்ளோ நாள் சொல்லாதது என் தப்பு. வர்றவங்க யோசிச்சு வாங்க.'

ஒருவன் போனான். இன்னொருவன் போனான். ஜமாவை விட்டே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு சுதீரின் குரல் வந்தது: "அயிதே ஏமன்னா? எடம கேட்டுலோ எவரு உன்னாரு?" அதனால் என்ன, இடது வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் அவன் கவலை.

காவ்யா சொன்னாள்: "எங்கப்பாவ ரெண்டு மாடி தூக்கிக்கினு போனீங்களே, அன்னைக்கு அவுரு கேட்டாரா? நாங்க வர்ரோம். உங்க வீட்டுக்கு வர்ரோம்."

சம்பத் ஊரிலிருந்து டேட்டா கார்டு போட்டுத்தான் அன்று உள்ளே வந்திருந்தான். பச்சையாக எரிந்துகொண்டிருந்த அவன் பெயர் சாம்பல் நிறமாகிவிட்டது. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் அணைத்தே கிடந்தது. பெயரை எடுத்துவிடு, சட்டம் சட்டம்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். காவ்யா இன்னும் காரமாகச் சொன்னாள். தலைவன் என்ற முறையில் அந்தப் பொத்தான் தமிழரசு கையில்தான் இருந்தது. அவன் அதை அழுத்தவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம், கோபம் நெஞ்சு முட்ட இருந்தது. ஆனால் ஒருவனை வெளியே தள்ளுவது என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். தன் கையால் அதைச் செய்ய மனம் வரவில்லை.

கடைசி நாள் பதினோரு பேர் வந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் இறங்கி நின்றவர்களில் காவ்யா வீட்டாரைத் தவிர மற்றவர்களை, முகம் தெரியாததால், பேசச் சொல்லிக் குரலை வைத்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஏழடிக் கோடாலிக்காரன் சுதீர் நேரில் காற்றடித்தால் பறந்துவிடுவான் போல இருந்தான். மணியம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எங்கடா உக்கார வைக்கிறது? நம்மூட்ல துன்னுவாங்களா?" என்று மகனைப் பிடித்துக்கொண்டாள்.

மேளத்தை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்த கருப்பன், "கம்ப்யூட்டர்ல பாத்தவங்கள நம்பி அண்டா நெறைய வடிச்சிக்கீறாளே" என்று முணுமுணுத்தார்.

துன்னார்கள். சோறு, சாம்பார், வடை, பாயசம். சுலோசனா இரண்டாம் முறை சாம்பார் கேட்டாள். காவ்யாவின் அப்பா தடியை ஓரமாக வைத்துவிட்டு, "உங்க பையன் தூக்கலன்னா நான் இன்னைக்கு நடக்க மாட்டேன்மா" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். மணியம்மா கரண்டியும் கையுமாக நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நெருப்புக் குழியைப் பார்க்க எல்லாரும் பாட்டை ஓரத்துக்குப் போனார்கள். அந்தப் பக்கம் மஞ்சள் வேட்டி கட்டிக் காப்போடு நாற்பது பேர் நின்றார்கள். வெங்கடசாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குழி ஓரத்தில் கருப்பனும் மற்றவர்களும் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். தமிழரசின் போன் அடித்தது. சம்பத்.

"அண்ணா, எல்லாரும் வந்துட்டாங்களா?"

தமிழரசு எதிர்ப்பக்கம் தேடினான். தாத்தாவின் நாற்காலிக்குப் பின்னால், மஞ்சள் வேட்டியில், காதில் போனோடு ஒருவன். இரண்டு வருடம் தன்னோடு சண்டை போட்டவனின் முகத்தை அப்போதுதான் பார்த்தான்.

"வந்துட்டாங்கோ."

"சுதீர் யாரு?"

"செவப்புச் சட்டை."

"அய்யோ, அவனா?" சம்பத்தின் குரல் சிரிக்கப் பார்த்தது, முடியவில்லை. "அண்ணா, தாத்தாகிட்ட கேட்டேன். உனக்கும் காப்பு கட்டணும்னு கேட்டேன். வாயத் தொறக்காதன்னுட்டாரு. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் உள்ள வர்றது?"

"அத ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம். ரெண்டு வாரம் நான் இன்னா பாடு பட்டேன்னு தெரியுமா உனக்கு?"

"தப்புதாண்ணா."

"சரி, இப்ப வா. இருபது அடிதான்."

"காப்பு கட்டிக்கினு கீறேனே. எல்லை தாண்டக் கூடாது."

அதைச் சாக்காகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னான். பதினெட்டு நாள் ஊர் எல்லைக்குள்ளேயே இருக்கிறேன் என்று அம்மன் முன்னால் சொல்லிக் கட்டிக்கொண்ட கயிறு அது. தமிழரசுக்குச் சுரீரென்றது.

"எல்லை எங்க கீது சம்பத்து? எங்க ரேஷன் கார்டுல வேப்பமிட்டைன்னுதான் போட்டுக்கீது. ஓட்டு வேப்பமிட்டையிலதான் போடறோம். அந்தக் குழியில எரியிற வெறகு எங்க ஆளுங்க வெட்டுனது. நான் நிக்கிற எடம் எல்லைக்கு உள்ளயா, வெளியிலயா? அத மட்டும் சொல்லு. வெளியிலன்னா நீ வர வேணாம். நான் கோவிச்சுக்க மாட்டேன், உன் பேரையும் எடுக்க மாட்டேன். ஆனா உன் வாயால சொல்லு."

அந்தப் பக்கம் சம்பத் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். மேளம் ஒரு சுற்று முடிந்து நின்றது. அவன் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

"உள்ளதான்!" என்றான். போனில் இல்லை, நேராக, பாட்டையைத் தாண்டிக் கேட்கும்படி.

வெங்கடசாமி திரும்பினார். "இன்னாடா?"

"பாட்டைக்கு அந்தப் பக்கமும் எல்லைக்கு உள்ளதான் தாத்தா. நான் போய்ட்டு வர்ரேன்."

"இப்ப அங்க போனா நெருப்புல எறங்க முடியாது. கயித்த அறுத்துட்டுப் போ."

"அறுக்க மாட்டேன். நான் எங்கயும் தாண்டல."

நடந்துவிட்டான். காப்புக் கட்டிய நாற்பது பேரும் அவனையே பார்த்தார்கள். நடுப்பாட்டையில் அவன் கொஞ்சம் தயங்கினான். நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு பேரும் ஒதுங்கி வழி விட்டார்கள். இத்தனை நாள் திட்டிய காவ்யாதான் முதலில் ஒதுங்கினாள்.

அன்றைக்கு அவனை நெருப்பு மிதிக்க விடவில்லை. தாத்தா அதற்குப் பிறகு மூன்று வருடம் அவனோடு பேசவில்லை. அதெல்லாம் பின்னால் நடந்தது. அப்போது சம்பத் இருபது அடிக்கே இரைக்க இரைக்க வந்து நின்று, என்ன பேசுவதென்று தெரியாமல், "அண்ணா, நீ இன்னா இவ்ளோ குட்டையா கீற?" என்றான்.

தமிழரசு இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த வசவில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அவன் அழுதான். பீமன் என்று பெயர் வைத்துக்கொண்டவன், தன் ஜமா முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஊரும் காலனியும் பார்த்துக்கொண்டிருக்க, கொஞ்சமும் வெட்கப்படாமல் அழுதான்.